கூமாபட்டிக்குக் கிளம்பும் முன்: பிளவக்கல் அணைக்கரையில் ஒரு நாள்

2025 ஜூன் மாதம் இன்ஸ்டாகிராமைத் திறந்தவர்கள் எல்லோரும் ஒரு ஊரின் பெயரைக் கேட்டார்கள். தண்ணீருக்குள் நின்றபடி ஒரு இளைஞர் "ஏங்க..." என்று இழுத்துக் கூப்பிட, விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் மலையடிவாரத்தில் கிடந்த கூமாபட்டி ஒரே வாரத்தில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த ஊராகிவிட்டது. வத்திராயிருப்பு சாலையில் வெளியூர் கார்களும் வேன்களும் தெரிய ஆரம்பித்தன. வந்தவர்கள் மாற்றுத் துணியும் சோப்பும் துண்டுமாக வந்தார்கள். பிளவக்கல் அணைப் பகுதிக்குள் அனுமதி இல்லை, குளிக்கவும் கூடாது என்று அதிகாரிகள் அறிவிக்க வேண்டியதாயிற்று. பலர் வாசலோடு திரும்பினார்கள்.

அவர்களுடைய ஆசையில் தப்பில்லை. கடல் இல்லாத கரிசல் மாவட்டத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீரும் அதன் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையும் தெரிகிற இடம் எத்தனை இருக்கிறது? தவறு ஏற்பாட்டில்தான். பாசன அணையை நீச்சல் குளமாக நினைத்துக் கிளம்பியவர்களுக்கு ஏமாற்றம் மிஞ்சியது. தண்ணீரைப் பார்க்கவும், காற்று வாங்கவும், நடக்கவும், கட்டுச்சோறு சாப்பிடவும் கிளம்புகிறவருக்கு அதே இடம் ஒரு நாள் முழுக்கப் போதும். அந்த ஒரு நாளை எப்படித் திட்டமிடுவது என்பதை இந்த அத்தியாயம் வரிசையாகச் சொல்கிறது.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம்

பிளவக்கல் என்பது ஒரே அணை அல்ல. பெரியாறு அணை, கோவிலாறு அணை என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. பெரியாறு அணையில் ஏறத்தாழ 47 அடி வரையிலும், கோவிலாறு அணையில் ஏறத்தாழ 42 அடி வரையிலும் தண்ணீர் நிற்கும். இங்கிருந்து திறக்கும் தண்ணீர் வத்திராயிருப்பு, கூமாபட்டி வட்டாரக் கண்மாய்களையும் வயல்களையும் நிறைத்து, அர்ச்சுனா நதி வழியாகக் கிழக்கே போகிறது.

குளிப்பதற்கென்றே பராமரிக்கும் கரை எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: கனடாவில் டொரண்டோ நகரின் ஏரிக்கரைகளுக்கு அங்குள்ள தமிழர்கள் கோடையில் குடும்பத்தோடு போகிறார்கள். குளிக்க ஒதுக்கிய கரைகளில் கோடை மாதங்களில் நகராட்சியே தண்ணீரைச் சோதித்து முடிவை அறிவிக்கிறது, உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள், கொடியின் நிறத்தைப் பார்த்தே இறங்கலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ளலாம். நம் பாசன அணைகளில் கொடி கிடையாது, உயிர்காப்பாளர் கிடையாது, குளிப்பதற்கான சோதனையும் கிடையாது. அங்கே நகராட்சி செய்கிற வேலையை இங்கே போகிறவரே செய்துகொள்ள வேண்டும்.

எந்த மாதம் போகலாம்?

மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் இந்த அணைகளுக்குப் பெருமளவு தண்ணீர் தருவது வடகிழக்குப் பருவமழைதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து, மார்கழி, தையில் அணை பார்க்க அழகாக இருக்கும். சித்திரை, வைகாசியில் பல ஆண்டுகள் நடுவில் மட்டும் தண்ணீர் கிடக்கும். சுற்றிலும் வெடித்த சேறு.

- மிக நல்ல காலம்: டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. தண்ணீர் இருக்கும், மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் தாங்கும்.
- கவனமாக இருக்க வேண்டிய காலம்: அக்டோபர், நவம்பர். வரத்து திடீரென்று கூடும்.
- தவிர்க்க வேண்டிய காலம்: ஏப்ரல், மே. தண்ணீர் குறைவு, வெயில் கடுமை, காட்டுத்தீ அபாயமும் உண்டு.

சிவகாசிக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகளில் வேலை ஓயும். மழை நாளில் மருந்தும் வெடியும் காயாது என்பதால் அன்றைக்கும் வேலை நிற்கும். ஆக, பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஓய்வு கிடைப்பதும் மலையில் வெள்ளம் வருவதும் ஒரே பருவத்தில். "இன்னைக்கு மழை, வேலை இல்லை, அணைக்குப் போவோம்" என்று தோன்றும் நாள்தான் போகக் கூடாத நாள். மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்துப் போங்கள்.

முதல் நாள் மாலை செய்ய வேண்டியவை

1. அனுமதி உண்டா என்று கேளுங்கள். அணைப் பூங்கா சீரமைப்பு வேலை, நீர் திறப்பு, வெள்ள எச்சரிக்கை என்று பல காரணங்களால் வாசல் மூடப்படும். வத்திராயிருப்பிலோ கூமாபட்டியிலோ தெரிந்தவர் இருந்தால் ஒரு போன் போதும்.
2. நீர்மட்டத்தைப் பாருங்கள். மழைக்காலத்தில் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அணைகளின் நீர்மட்டம் வரும். முழுக் கொள்ளளவுக்கு ஓரிரு அடி குறைவாக இருந்தால் எந்த நேரமும் உபரி நீர் திறப்பார்கள். பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.
3. மலையில் மழையா என்று பாருங்கள். உங்கள் ஊரில் வெயில் அடிப்பது கணக்கில் சேராது.
4. அமாவாசை, பௌர்ணமியா என்று காலண்டரைப் புரட்டுங்கள். அந்த நாட்களில் சதுரகிரி மலைக்கோவிலுக்குப் போகும் கூட்டம் வத்திராயிருப்பு வழியாகத்தான் மலையடிவாரத்திலுள்ள தாணிப்பாறைக்குப் போகும். ஆடி அமாவாசையன்று இந்தச் சாலைப் பக்கமே வர வேண்டாம்.
5. திரும்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். மாலை 5 மணிக்கு அணையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

*குறிப்பு:* செய்தியில் "பெரியாறு அணை 136 அடி" என்று பார்த்துவிட்டுப் பதற வேண்டாம். அது முல்லைப் பெரியாறு. அங்கே தேக்க அனுமதிக்கப்பட்ட உயரம் 142 அடி. பிளவக்கல் பெரியாறு அணையின் கணக்கு ஏறத்தாழ 47 அடிக்குள்தான் வரும்.

போகும் வழி

1. ரயிலில் வருபவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கலாம். விருதுநகரிலிருந்து தென்காசி, செங்கோட்டை போகும் பாதையில் திருத்தங்கல், சிவகாசி தாண்டி வரும் நிலையம் அது.
2. மதுரையிலிருந்து சாலை வழியாக வருபவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்பே கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்ப வேண்டும்.
3. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு சுமார் 20 கிலோமீட்டர். பெட்ரோல், மருந்து, குடிதண்ணீர் எல்லாவற்றையும் வத்திராயிருப்பிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.
4. அங்கிருந்து கூமாபட்டி வழியாக அணைக்குப் போக வேண்டும். பேருந்தில் வருபவர்கள், திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

*குறிப்பு:* போகும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே உள்ள செண்பகத்தோப்பையும் பார்க்க நினைப்பவர்கள் போன் வரைபடத்தில் பெயரை மட்டும் தட்டினால் திருவண்ணாமலை மாவட்டத்துச் செண்பகத்தோப்பு அணையைக் காட்டிவிடலாம். "ஸ்ரீவில்லிபுத்தூர்" என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

- ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிதண்ணீர். அணைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.
- புளியோதரை, எலுமிச்சைச் சோறு போல வெயிலில் கெடாத கட்டுச்சோறு. பாக்குமட்டைத் தட்டு அல்லது வாழை இலை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது.
- வார் வைத்த செருப்பு அல்லது ஷூ. ஹவாய் செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ளும். கரையில் உடைந்த பாட்டில் துண்டுகளும் கிடக்கும்.
- 15 மீட்டர் நைலான் கயிறு, மூடியோடு கூடிய ஐந்து லிட்டர் காலிக் கேன் ஒன்று. இவை எதற்கு என்பது கீழே இருக்கிறது.
- குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு சாக்கு.

எடுத்துவரக் கூடாதவை: மது, பட்டாசு, காற்றடைத்த டியூப். பட்டாசு ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டாவதைச் சொல்வது அவசியம். அணையை ஒட்டிய மலைக்காடு, 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கே ஒரு பொறி போதும். டியூபில் உட்கார்ந்த பிள்ளையைக் காற்று நடுத்தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

கரையில் இறங்கியதும்: வரிசை

1. எழுதி வைத்திருப்பதைப் படியுங்கள். அனுமதி எங்கே வரை, எத்தனை மணி வரை என்று பலகையில் இருக்கும். பலகை இல்லாவிட்டால் அணை ஊழியரைக் கேளுங்கள்.
2. ஒரு தழையை மிதக்கவிட்டுப் பாருங்கள். தண்ணீர் அசையாமல் இருப்பதாகத் தோன்றும். மதகு திறந்திருந்தால் தழை அந்தத் திசையில் நகரும்.
3. உட்காரும் இடத்தை மேட்டில் தேர்ந்தெடுங்கள். மதகுக்குக் கீழே, ஷட்டருக்கு எதிரே, ஓடையின் நடுத்திட்டில் உட்காரவே கூடாது.
4. பிள்ளைகளுக்கு ஒரு பெரியவரை ஒதுக்குங்கள். "எல்லோரும் பார்த்துக்குவோம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். அரை மணிக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். முறை வந்தவர் கையில் போன் இருக்கக் கூடாது.
5. நடப்பதைக் காலையிலேயே முடியுங்கள். காலை வெளிச்சம் கிழக்கிலிருந்து மலைமேல் விழும். படம் எடுக்க ஏற்ற நேரம் அதுதான். மதியத்துக்கு மேல் மலை நிழலாகிவிடும்.
6. 5 மணிக்குக் கிளம்புங்கள். அந்தி நேரத்தில் காட்டுப் பன்றியும் யானையும் தண்ணீருக்கு இறங்கும். மனிதர்கள் அவற்றின் பாதையை விட்டு விலகியிருக்க வேண்டிய நேரம் அது.

தண்ணீருக்குள் என்ன இருக்கிறது?

குளிக்கக் கூடாது என்று பலகையில் எழுதியிருப்பதை வெறும் அதிகாரக் கெடுபிடி என்று பலர் நினைக்கிறார்கள். காரணங்கள் தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. பிளவக்கல்லுக்கு மட்டுமல்ல, மாவட்டத்தின் எந்த அணைக்கும் கண்மாய்க்கும் இவை பொருந்தும்.

குழி. கோடையில் நீர்த்தேக்கங்களிலும் கண்மாய்களிலும் விவசாயத்துக்கு வண்டல் அள்ளுவார்கள். மழை வந்ததும் அந்தக் குழிகள் தண்ணீருக்குள் மறைந்துவிடும். முழங்கால் ஆழத்தில் நடப்பவர் அடுத்த எட்டில் ஆளை மூழ்கடிக்கும் ஆழத்துக்குப் போகிறார். போன ஆண்டு குளித்த இடம்தானே என்ற தைரியம் இங்கே உதவாது.

பழைய ஆற்றுத் தடம். அணை கட்டும் முன் அங்கே ஓடிய ஆறு அடியில் இன்னும் பள்ளமாகத்தான் கிடக்கிறது. சரிவு எங்கே தொடங்கும் என்று மேலிருந்து தெரியாது.

சேறு. தண்ணீர் வற்றிய இடத்தில் மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். கீழே கொழகொழவென்று இருக்கும். ஒரு கால் புதைந்தால் மற்றொரு காலை ஊன்றி இழுக்காதீர்கள், அதுவும் புதையும். உடம்பைச் சாய்த்துப் படுத்து, எடையைப் பரப்பி, மெதுவாகக் காலை உருவுங்கள்.

முள். வறண்ட ஆண்டுகளில் நீர்ப்பிடிப்பில் முளைத்த சீமைக்கருவேலம் தண்ணீர் ஏறியதும் உள்ளே மூழ்கி நிற்கும். வேட்டியும் சேலையும் அதில் சிக்கினால் நீச்சல் தெரிந்தவரும் திணறுவார்.

மதகு. திறந்த மதகின் அருகே தண்ணீர் அடியில் இழுக்கும். மேலே சின்னச் சுழி மட்டும்தான் தெரியும்.

பாசி. அணையின் உட்சரிவில் பாவிய கருங்கல்லில் தண்ணீர் தொடும் இடமெல்லாம் வழுக்கும். தவறி விழுந்தவருக்குப் பிடித்து ஏறப் பிடிமானம் இருக்காது.

கடலில் குளித்துப் பழகியவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உப்புத் தண்ணீர் நன்னீரைவிட அடர்த்தியானது. திருச்செந்தூர்க் கடலில் எளிதாக மிதந்தவருக்கு அணைத் தண்ணீரில் உடம்பு கொஞ்சம் கூடுதலாக அமிழும். சீக்கிரம் களைப்பும் வரும்.

எல்லாவற்றுக்கும் மேல், மலைத் தண்ணீரின் வேகம். 2015 மே மாதம், அமாவாசையை ஒட்டிச் சதுரகிரிக்குப் போன பக்தர்கள் திடீர் வெள்ளத்தில் சிக்கி உயிரிழந்தார்கள். அது மழைக்காலம்கூட அல்ல, கோடை. அதே மலைத்தொடரின் அடியில்தான் பிளவக்கல் இருக்கிறது. ஓடைத் தண்ணீர் செம்மண் நிறமாக மாறினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ சாமான்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள்.

ஒருவர் தவறி விழுந்துவிட்டால்

நீரில் விழுந்தவரைக் காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து மூழ்கிய செய்தியை எத்தனையோ முறை படித்திருப்போம். அதனால் முதல் விதி: குதிக்காதீர்கள்.

1. கத்திக் கூப்பிடுங்கள். ஒருவர் 112 அல்லது 108க்குப் பேசட்டும். "பிளவக்கல் பெரியாறு அணை" அல்லது "கோவிலாறு அணை" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.
2. மூடி இறுக்கிய காலிக் கேனைக் கயிற்றில் கட்டி, விழுந்தவருக்கு அப்பால் விழும்படி வீசி, அவரை நோக்கி இழுங்கள். காற்று அடைபட்ட கேன் ஆளை மிதக்க வைக்கும்.
3. கயிறு இல்லையென்றால் வேட்டி, சேலை, துப்பட்டாவை முடிந்து நீட்டுங்கள். நீட்டுகிறவர் தரையில் படுத்துக்கொள்ள வேண்டும்; அவர் காலை இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.
4. வெளியே எடுத்ததும் மல்லாக்கப் படுக்கவைத்து மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் ஊரில் வழக்கம். இரண்டும் கூடாது. பொன்னான நிமிடங்கள் போய்விடும். வயிற்றிலுள்ளது மேலேறி மூச்சுக்குழாயை அடைக்கவும் கூடும்.
5. மூச்சு இல்லாவிட்டால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் இரு கைகளால் 30 முறை அழுத்துங்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம். மறுபடி இரண்டு முறை ஊதி, 30 முறை அழுத்தி, ஆம்புலன்ஸ் வரும் வரை தொடருங்கள்.
6. எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலைத் தரும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

- *ரீல்ஸில் பார்த்த இடத்தையே தேடிப் போவது.* படம் எடுத்த நாளின் நீர்மட்டம் வேறு, நீங்கள் போகும் நாளின் நீர்மட்டம் வேறு.
- *ஷட்டர் முன் நின்று செல்ஃபி.* முதுகைத் தண்ணீருக்குக் காட்டி நிற்கக் கூடாது.
- *சாப்பிட்ட மிச்சத்தைக் குரங்குக்குப் போடுவது.* அடுத்த வாரம் வருகிறவரின் பையை அது பிடுங்கும்.
- *காலில் புண்ணோடு சேற்றில் இறங்குவது.* எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக ஏறலாம். பயணம் முடிந்து சில நாளிலோ இரண்டு மூன்று வாரத்திலோ காய்ச்சல் வந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.
- *வாசல் பூட்டியிருந்தால் வேலியைத் தாண்டுவது.* இதற்கு விளக்கம் தேவையில்லை.

வாசல் பூட்டியிருந்தால் வேறு எங்கே?

குளித்தே ஆக வேண்டும் என்றால் ராஜபாளையம் அய்யனார் கோவில் அருவியைக் கேட்டுப் பாருங்கள். வனத்துறை அனுமதிக்கும் நாட்களில் மட்டும். வரத்து கூடினால் மூடிவிடுவார்கள்.

சிவகாசிக்குப் பக்கத்தில் அர்ச்சுனா நதியில் ஆனைக்குட்டம் அணை, வைப்பாற்றில் வெம்பக்கோட்டை அணை. வெம்பக்கோட்டைக்குப் போகிறவர்கள் அருகே விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் அகழாய்வு நடந்த மேட்டையும் சேர்த்துப் பார்க்கலாம். நீரும் வரலாறும் ஒரே அரைநாளில் முடியும்.

சாத்தூர்க்காரர்களுக்கு இருக்கன்குடி. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேரும் இடம். மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு மாலையில் காற்று வாங்கலாம். ஆடிக் கடைசி வெள்ளியைத் தவிர்த்துவிடுங்கள்.

விருதுநகரிலிருந்து குல்லூர்சந்தை அணை மிகப் பக்கம். அந்த அணைக்குத் தண்ணீர் தரும் கௌசிகா நதி நகரத்தின் கழிவுநீரையும் சுமந்து வருவதால் அங்கே கால் நனைக்க வேண்டாம். குளிர்கால விடியலில் நீர்ப்பறவை பார்க்கப் போகலாம்.

ஒரு நாள் முழுக்க ஒதுக்க முடிந்தால் தேனி மாவட்டத்து வைகை அணை. 1959இல் திறந்தது, முழு நீர்மட்டம் 71 அடி, பொதுமக்களுக்கென்று பூங்கா உண்டு. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. எச்சரிக்கை விட்ட நாளில் ஆற்றுக்குள் இறங்க வேண்டாம்.

திரும்பும்போது

ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டியை நிறுத்தாமல் யாரும் வருவதில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவைத் திரும்பும் வழியில் வாங்குங்கள். காலையிலேயே வாங்கிப் பூட்டிய காருக்குள் வைத்தால் மாலைக்குள் கெட்டுப்போகலாம். எத்தனை நாள் தாங்கும் என்று கடைக்காரரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சாக்கில் கட்டிய குப்பையை ஊர்த் தொட்டியில் சேர்த்துவிட்டு, கேனையும் கயிற்றையும் வண்டியிலேயே வைத்துவிடுங்கள். அடுத்த முறை வேறு கரைக்குப் போனாலும் அவை வேண்டும்.